தட்டைப் பிரித்தோம், ரேசரை மறந்தோம்

கீழ்வேளூர்
13.2.2005

அன்பு மகன் ராஜ்குமாருக்கு அப்பா ஆசிகளுடன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் வழக்கம், இந்தத் தடவை பேனா அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டது. நேற்றிலிருந்து மூன்று தாள் கிழித்தாயிற்று. சம்பா அறுவடை முடிந்தது, அம்மா நலம், எனக்குத்தான் உடம்பில் ஒரு சங்கதி. சுனாமிக்கு மறுநாள் நாகப்பட்டினத்தில் ரத்தம் கேட்கிறார்கள் என்று நானும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன் அல்லவா. எண்பத்தேழில் நெல் வண்டி கவிழ்ந்து தொடை கிழிந்தபோது யாரோ கொடுத்த இரண்டு பாட்டில் ரத்தத்தில்தான் பிழைத்தேன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பொங்கல் கழிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். என் ரத்தம் யாருக்கும் ஆகாதாம், ஹெபடைடிஸ் சி என்று ஒரு கிருமி இருக்கிறதாம். அந்த இரண்டு பாட்டிலிலேயே வந்திருக்கும் என்கிறார் தஞ்சாவூர் டாக்டர், அப்போது இதற்குச் சோதனையே கிடையாதாம். யாரைக் கோபித்துக்கொள்வது, கொடுத்த புண்ணியவானுக்கும் தெரிந்திருக்காது.

பதினெட்டு வருஷமாக ஒரு வலியும் காட்டாமல் ஈரலைத் தழும்பாக்கி இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. ஈரலோடு விட்டதா என்றால் இல்லை. காலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வந்ததே, வயல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேப்பெண்ணெய் தடவினோம், முட்டிவலிக்குத் தைலம், முகம் வீங்கியதற்குப் பார்லிக் கஞ்சி. எல்லாம் அந்த ஒரே கிருமியின் வேலையாம், ரத்தக் குழாய், மூட்டு, சிறுநீரகம் என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறது. சர்க்கரை வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாமாம். ஒரு சொட்டு தொடாதவனுக்கு ஈரல் கெட்டது என்றதும் கடைத்தெருவில், தங்கையன் எங்கே ஒளிஞ்சு குடிச்சாரு என்று கேட்கிறார்கள். வாரம் ஓர் ஊசி வீதம் ஒரு வருஷம் போட வேண்டும். போட்ட அன்று காய்ச்சல் அடிக்கிறது, வீட்டில் உட்காரவும் முடியவில்லை, வரப்பில் நடக்கவும் முடியவில்லை.

உன் அம்மா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டாள். அதை டாக்டரிடம் பெருமையாக வேறு சொன்னாள். அவர், சாப்பாட்டுல ஒட்டாதும்மா, ரத்தத்துலதான் ஒட்டும், இவரு ரேசரை வேற யாரும் எடுக்குறாங்களா என்று கேட்டார். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து நீ என் ரேசரில்தான் முகம் வழித்தாய். ஒரு பிளேடு இரண்டு பேருக்கும் ஒரு வாரம் வரவேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். ஷார்ஜாவுக்குக் கிளம்பியபோது, ராசியானது என்று அதையே உன் பெட்டியிலும் வைத்தேன். வாய்ப்பு குறைவுதான் என்கிறார் டாக்டர், ஆனாலும் என் மனசு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நீ உடனே ரத்தம் சோதித்துக்கொள். அங்கே சோதித்துக் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் விசாவை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று உனக்கு விசா எடுத்துத் தந்த ஜெய்னுலாபுதீன் பாய் சொல்கிறார். ஐந்து வருஷம் சம்பாதிக்காமல் ஊர்ப்பக்கம் தலைகாட்டாதே என்று உன்னை அனுப்பியவன் நான்தான், நானே சொல்கிறேன், அனுப்பினால் வா. பயமாக இருந்தால் லீவு போட்டுவிட்டு வந்து இங்கே சோதித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று மட்டும் இருந்துவிடாதே, எனக்கும் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது.

அம்மாவின் ஆசிகள். மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அந்த ரேசரைக் காகிதத்தில் சுற்றி இன்றைக்கே எறிந்துவிடு, ராசி என்று நான் சொன்னதை நம்பி வைத்திருக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா,
வே. தங்கையன்