டொக்டரைப் பேசாதேங்கோ

இஞ்சாருங்கோ,

கிளினிக்கில் நம்பர் எடுக்க நான் முதல் பஸ்ஸில் போகிறேன். புட்டு குசினி மேசையில் மூடி இருக்கு, சாப்பிடுங்கோ. எட்டு மணிக்கு அபூதாஹிர் நானா ஜெட்டியடியிலிருந்து ஓட்டோ கொண்டு வருவார். நெஞ்செலும்பு இன்னும் பொருந்தவில்லை, தனியப் படி இறங்காமல் அவரைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவிடம் குடுங்கோ.

இன்றைக்கும் டொக்டரைப் பேசாதேங்கோ. "என்ர கடிதத்தை மதிக்காமல் ஏன் நெஞ்சை அமத்தி என்னை எழுப்பினனீங்கள்?" என்று போனமுறை கத்தி அந்த டொக்டர்ப் பிள்ளையை அழ வைச்சிட்டீங்கள். அவ உங்கட கடிதத்தைக் காணவே இல்லை. உங்கட நெஞ்சு நின்ற அன்றைக்கு, "இவர் ஏதும் எழுதி வைச்சவரா, அம்மா?" என்று என்னைத்தான் கேட்டவ. நான் இல்லை என்று சொன்னனான். கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது.

நீங்கள் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வர எனக்குப் பயமாக இருந்தது. பிறகு இந்த ஆறு கிழமையாக ஒவ்வொரு மூச்சுக்கும் நீங்கள் படுகிற பாட்டைப் பார்க்கிறேன். அது நான் பொய் சொல்லி வாங்கின ஆறு கிழமை.

கடிதத்தை நேற்றுத்தான் கடைசிவரைக்கும் வாசித்தேன். "மெசின் ஒன்றும் வேண்டாம். ரூபி பக்கத்தில் இருந்தால் போதும்."

நீங்கள் வருமுன் அதை டொக்டரிடம் நானே குடுத்திடுவேன். என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் இருக்க என் பக்கத்தில் கதிரை பிடிச்சு வைக்கிறேன்.

ரூபி

இவ்வளவு நாளும் நான் வேண்டாம் என்று தடுத்த சீனியைப் புட்டுக்குப் போட்டிருக்கிறேன். இனி நீங்கள் வேணும் என்றால் வேணும், வேண்டாம் என்றால் வேண்டாம்.