அந்த மனுசி அழக்கூடாது

வெம்பிளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ரதீசனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பொஸ்டனில் நீயும் சுகமாய் இரு, ஆனால் இதை ஒரு இடத்தில் இருந்துகொண்டு வாசி, ஏனென்றால் எனக்கு உன்மேல் வந்திருக்கிற கோபம் போனில் கத்தி அடங்குகிற கோபம் இல்லை.

உன் நாடகத்தின் ஒத்திகை என்று நீ அனுப்பின வீடியோவை நேற்று உன் தங்கச்சி கஜந்தினி ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்து பெரிய டிவியில் போட்டுக் காட்டினாள். லண்டனில் இருந்த அரசன் தேயிலைக்கு வரி போட, பொஸ்டன் சனம் கொதித்தெழும்பி, அந்தத் தேயிலையைக் கப்பலில் எடுப்பித்த வியாபாரியின் வீட்டைச் சுற்றி வளைக்கிறது, முடிவில் தேயிலையைக் கடலில் கொட்டுகிறது. சரி, நடந்த சரித்திரமாம். ஆனால் நடுவிலே அந்த வியாபாரியின் பெண்சாதி மேல்மாடியில் ஐந்து வயதுப் பிள்ளையோடு நிற்கிறாள், கீழே கல்லெறி, கதவு உடைகிறது, அவள் ஜன்னலைத் திறந்து கை கூப்பிக் கதறி அழுகிறாள், கூட்டம் மனம் இரங்கிப் போய்விடுகிறது. கஜந்தினி என்னைத் திரும்பிப் பார்த்து “அம்மா, இது நீங்களெல்லோ?” என்கிறாள். மருமகன் விஜயன் “பாவம் மாமி, என்ன பாடு பட்டிருக்கிறியள்” என்று தோளைத் தட்டுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் புடைவைக்கடையில் நடந்ததை வைத்துத்தான் நீ எழுதினாய் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியாது. ஆரைக் கேட்டு எழுதினாய்?

போதாக்குறைக்கு அந்தக் கூட்டத்துக்கு வரி என்று ஒரு நியாயமும் கொடுத்திருக்கிறாய். இங்கே லண்டனில் எங்கள் கடைக்கும் கவுன்சில் வருசாவருசம் வரியைக் கூட்டுகிறதுதான், நானும் கவுண்டரில் நின்று வாய் நோகத் திட்டுகிறேன்தான், அதற்காக எவன் வீட்டுக் கதவை உடைத்தேன்? வரி போட்டவன் லண்டனில் பத்திரமாய் இருக்க, கல் விழுவது சாமான் விற்கிறவன் வாசலில். நல்லாய்த்தான் இருக்கிறது உன் நியாயம். அப்பா வேறு, அந்த வியாபாரி வாசலுக்குப் போய்க் கூட்டத்தோடு பேசுகிற இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அவர் பின்மதிலுக்கு ஏணி தேடிக்கொண்டு ஓடித் திரிந்த மனுசன். அதைச் சொல்லிவிட்டேன், சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். படுக்கட்டும்.

இப்போது கேள். அன்று நான் அழவுமில்லை, கையும் கூப்பவில்லை. கீழே ஷட்டரை நெளித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா ஏணி சாத்த நேரம் வேணும். மேலே அலுமாரியில் ஆடிவேல் திருவிழா வியாபாரத்துக்கென்று எடுத்துவைத்த பட்டுச்சேலைகள் இருந்தன. ஒன்றை எடுத்து, முந்தானையைப் பிடித்து, வாடிக்கைக்காரருக்கு விரித்துக் காட்டுகிற மாதிரி ஜன்னலால் உதறி, முழு நீளமும் விரிந்ததும் கையை விட்டேன். போய்க் கூட்டத்தின் தலைமேல் விழுந்தது. ஒருத்தன் இந்தத் தலைப்பை இழுக்க மற்றவன் அந்தத் தலைப்பை இழுக்க, ஷட்டரை மறந்துவிட்டார்கள். அரக்கு, பச்சை, மயில்கழுத்து என்று அலுமாரி முடியும்வரை வீசினேன். கடைசியில் என் கல்யாணக் கூறைச்சேலையையும் வீசினேன். அதைப் பிடித்தவள் எங்களிடம் எத்தனையோ தரம் துணி வாங்கினவள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள், பிறகு அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். இரக்கப்பட்டு ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை தம்பி. சேலை முடிந்ததும் கடையைக் கொளுத்தினார்கள், அதற்குள் நாங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டோம்.

முதல் நாள் நாடகத்துக்கு வரச் சொல்லி நீ அனுப்பின பிளேன் டிக்கெட் சாமியறையில் கிடக்கிறது. அந்த மனுசியை மாற்றி எழுது. கூட்டம் கடலில் கொட்டுவதற்கு முதல் அவளே தேயிலையைப் பெட்டி பெட்டியாய் ஜன்னலால் கொட்டட்டும், கீழே நிற்கிறவர்கள் அதற்காகத் தங்களுக்குள் அடிபடட்டும். ஏலாது என்றால் நான் வரமாட்டேன், என் கதை என்று ஒரு இடத்திலும் நீ வாய் திறக்கவும் கூடாது. கஜந்தினி உனக்குப் பரிந்துகொண்டு, “எங்கடை அண்ணைக்கு அம்மா அழுத சத்தம் இப்பவும் காதிலை கேக்குதாம், அதுதான் அப்பிடி எழுதினவர்” என்றாள். நீ என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாயடா. உன் காதில் கேட்பது உன்னுடைய அழுகை. என் இரண்டு கையிலும் சேலை இருந்தது, உன்னைத் தூக்க எனக்கு ஒரு கை மிச்சம் இருக்கவில்லை.

கோபம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, முருகன் உன்னைக் கைவிடமாட்டான். பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடு, பனியில் தொப்பி இல்லாமல் திரியாதே. அந்த மனுசி அழக்கூடாது, மறந்துபோகாதே.

உன் அம்மா
சிவமலர் கணேஸ்வரன்