ஏழு நாளைக்குக் கேட்க வேண்டாம்

நாள் 209 · 08:10

செவ்வாய்க் கிரகம், மேட்டு நிலையம். எழுதுவது செண்பகவல்லி, கணினிப் பராமரிப்பு. நிலையத்தில் நான் ஒருத்திதான். மற்ற இருவர், ஆரோக்கியம் அண்ணாச்சியும் ரஹ்மத்தும், நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு குகைக்குள் கூடாரம் போட்டுப் பனி தோண்டுகிறார்கள். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி.

காலையில், முகாமுக்குப் படங்கள் கொடுக்கும் ஜாவா செயலியின் புதுப் பதிப்பை ஏற்றினேன். படங்கள் அத்தனையும் போச்சு. செயலியின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே படங்கள் இருந்திருக்கின்றன. புதுப் பதிப்பு வந்ததும் பழைய ஃபோல்டரைத் துடைத்து எடுத்துவிட்டது. அங்கே வைத்த புத்திசாலி யார் என்று பார்த்தேன். நான்தான், போன வருஷம், "இப்போதைக்கு" என்று.

அதில் ஒரு படம் விளையாட்டில்லை. குகையின் கூரையில் மெல்லிய விரிசல் ஒன்று உண்டு. கூடாரத் துணிக்குள் இருப்பவர்களுக்குக் கூரை தெரியாது. அதனால் கூடாரத்துக்கு மேலே ஒரு கேமரா. மணிக்கொரு முறை, மணி அடித்தாற்போல், கூரையைப் படம் எடுத்து செயற்கைக்கோள் வழியாக எனக்கு அனுப்பும். கூடாரத்தின் சுவர்த் திரை அந்தப் படத்தை என்னிடம் கேட்டு வாங்கிக் காட்டும். பத்தடி தூரத்தில் இருக்கும் கேமராவும் திரையும் நேரே பேசிக்கொள்ளாது. இதை வடிவமைத்த மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நாள் 210 · 17:30

படங்களுக்குத் தனி டிஸ்க். செயலிக்கு வெளியே, அதன் கைக்கு எட்டாத இடத்தில். அங்கிருந்து எடுத்துப் பரிமாற ஒரு சின்ன நிரல் எழுதினேன். முழுப் படத்தையும் நினைவகத்தில் தூக்கி வைத்துக்கொண்டு திணறாது. கரண்டி கரண்டியாக மொண்டு ஊற்றும். செயலியை மூன்று முறை அழித்து ஏற்றிப் பார்த்தேன். ஒரு படம்கூட அழியவில்லை. சூடாக உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன்.

நாள் 214 · 11:30

காலையில் ரேடியோவில் ரஹ்மத்: "ஒரு படம் வர்றதுக்குள்ள நான் டீ குடிச்சி, கிளாஸையும் கழுவி வச்சிட்டேன். உன் கம்ப்யூட்டர் தூங்குதா, இல்ல நீ தூங்குதியா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. இணைப்பு நூல் மாதிரி இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று பத்து தடவை சொல்லியாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்புதான். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவள். எங்கே குத்தினால் எனக்கு வலிக்கும் என்று தெரியும்.

சரி, வேகம்தானே வேண்டும். டிஸ்கில் இருக்கும் படங்களுக்கு ஒரு விதி எழுதினேன். ஒரு படத்தை ஒரு முறை வாங்கிவிட்டால், திரை அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஏழு நாளைக்கு என்னிடம் கேட்க வேண்டாம். வரைபடங்கள், இயந்திரப் படங்கள் எல்லாம் மாறப்போவதில்லை. அரை மணி நேர வேலை. ஏற்றிவிட்டேன்.

நாள் 214 · 16:20

ரஹ்மத்: "இப்போ தட்டுனதும் படம் வந்துருது வல்லி. கண்ணு பட்டுரும், சுத்திப் போடு."

அண்ணாச்சியும் பின்னாலிருந்து ஏதோ பாராட்டினார். சரியாகக் கேட்கவில்லை. மனசு குளிர்ந்துபோனது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாள் 215 · 06:50

புழுதிப் புயல். ரேடியோ கோபுரம் சாய்ந்துவிட்டது. குரல் இல்லை. மிஞ்சியது மெல்லிய தரவு இணைப்பு. அதில் முகாம் கேட்டால் நிலையம் பதில் சொல்லும். நானாக வாய் திறக்க முடியாது.

புயல் விதிப்படி அவர்கள் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. காற்று இயந்திரம், கேமரா, சுவர்த் திரை தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

நாள் 217 · 14:00

வடிகட்டியை இரண்டு முறை துடைத்தேன். துடைத்ததையே துடைக்கிறேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

நாள் 218 · 09:15

இணைப்பின் சுமை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கூரைப் படம் கேட்கப்பட்ட எண்ணிக்கை, நாலு நாளில்: 0. பூமிக்கு இதைப் பெருமையாக எழுதி அனுப்பினேன்.

நாள் 218 · 09:40

பூஜ்யமா?

ஒரு நாளைக்கு இருபத்து நாலு முறை கேட்க வேண்டிய படம். கூரைப் படமும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. விதி எல்லாப் படத்துக்கும் எழுதினேன். எல்லாப் படத்துக்கும்.

கடைசியாகத் திரை கேட்டது நாள் 214, மணி 12:00. அந்தப் படத்தைத்தான் நாலு நாளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. தட்டியதும் வந்தது என்றாளே, அது என்னிடமிருந்து வரவே இல்லை.

நாள் 218 · 10:05

கேமரா நிறுத்தவில்லை. தொண்ணூற்று நாலு புதுப் படங்கள் டிஸ்கில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றையும் நான் திறந்து பார்க்கவில்லை. கூரை ரஹ்மத்தின் வேலை, படம் போய்ச் சேருவது என் வேலை என்று இருந்துவிட்டேன்.

நாள் 214: விரிசல் தலைமயிர் அளவு. நாள் 216: விரல் அளவு. இன்று காலை உள்ளங்கை போகும். கிழக்குப் பக்கம் புதிதாக இன்னொன்று கிளைவிட்டிருக்கிறது. பூமிக்கு எச்சரிக்கை அனுப்பினேன்.

நாள் 218 · 11:20

பூமியிலிருந்து: "உங்கள் எச்சரிக்கை கிடைத்தது. எங்கள் திரையில் கூரைப் படத்தைப் பார்த்தோம். விரிசலில் மாற்றம் இல்லை. நீங்கள் சற்று ஓய்வெடுங்கள்."

அவர்கள் திரையும் என்னிடம் வாங்கியதுதான். அதற்கும் ஏழு நாள். தொண்டை கிழியக் கத்தினேன். கேட்க யாருமில்லை. படங்களைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

நாள் 218 · 13:05

பூமியிலிருந்து: "பார்த்துவிட்டோம். மன்னிக்கவும். கூரை நாள் 221 வரை தாங்கலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. முகாமோடு பேச எங்களுக்கும் வேறு வழியில்லை."

திரை அடுத்து என்னிடம் கேட்கப்போவது நாள் 221, மணி 12:00. ஓரத்தில் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறது. ரஹ்மத் அதை ஒரு முறை அழுத்தினால் போதும். ஏன் அழுத்தப்போகிறாள்? படம்தான் உடனே வந்துவிடுகிறதே.

நாள் 219 · 10:30

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பதினோரு கிலோமீட்டர். புழுதியில் முன்சக்கரமே தெரியவில்லை. புயலை எதிர்த்து இழுத்ததில் மின்கலம் பாதிக்குக் கீழே இறங்கியது. திரும்பிவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

நாள் 220 · 09:30

படம்தானே போகும். அப்படியென்றால் படத்தையே பேச வைக்கிறேன்.

சாப்பாட்டு அட்டைப்பெட்டியைக் கிழித்து, கறுப்பு மையில் எழுதினேன்: "ரஹ்மத், கூரை விழுது. இப்பவே வெளிய ஓடுங்க. வல்லி." அதைப் படம் எடுத்து, திரை கேட்கும் "கடைசிக் கூரைப் படம்" என்ற பெயரிலேயே டிஸ்கில் வைத்தேன். பத்து நிமிடத்தில் கேமராவின் படம் வந்து அதன் மேல் எழுதிவிட்டது. பைத்தியம் பிடிக்காத குறை. கேமராப் படங்களை வேறு பெயருக்குத் திருப்பிவிட்டு மறுபடி வைத்தேன். பத்தொன்பது கிலோபைட். எந்தப் புழுதியிலும் நுழைந்து போய்விடும்.

விதியையும் மாற்றினேன். நாள் 221, மணி 12:00க்கு ஒரு முறை கேட்டுவிட்டால், அப்புறம் திரை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும். செயலியைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது, அட்டைப் படம் அழியவில்லை. வெளியே வைத்ததற்கு அந்த ஒரு நன்மை.

குகை வாசலுக்கு வெளியே அவர்கள் வண்டி நிற்கிறது. இரண்டு பேருக்கு நாலு நாள் காற்று அதில் உண்டு. வெளியே வந்தால் போதும்.

நாள் 221 · 11:00

விரிசலுக்குள் கேமரா விளக்கின் ஒளி போய்க் காணாமல் போகிறது. துணுக்குகள் கூடாரத்தின் மேல் விழுந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டிருப்பார்கள், திரையைப் பார்த்திருப்பார்கள், ஒன்றும் இல்லை என்று மறுபடி படுத்திருப்பார்கள்.

நாள் 221 · 12:00

12:00:07. கேட்டது.

12:00:09. போய்விட்டது. பத்தொன்பது கிலோபைட்டும் முழுசாக.

நாள் 221 · 13:10

12:01 மாறியதா என்று கேட்கிறது, மாற்றமில்லை என்கிறது என் நிரல். 12:02 அதேதான். இப்படியே எழுபது முறை. திரை கேட்கிறது, சரி. திரையை யாராவது பார்த்தார்களா? அதை எந்தப் பதிவும் சொல்லாது.

13:00 கேமராப் படத்தில் விரிசல் மட்டும். ஆள் இல்லை. காற்றுடை மாட்ட நாற்பது நிமிடம் ஆகும், காற்றை இறக்கிக் கூடாரக் கதவு திறக்க இன்னும் அரை மணி. கணக்கு தெரியும். பொறுக்கத்தான் முடியவில்லை.

இன்னோர் அட்டை எழுதி வைத்தேன்: "பாத்தியா இல்லையா? கேமராவுல வந்து சொல்லு." 13:11க்குத் திரை அதை வாங்கிக்கொண்டது.

நாள் 221 · 13:40

கேமரா மணிக்கொரு படம்தான் எடுக்கும்.

என்ன காரியம் செய்தேன். பதில் சொல்ல வேண்டுமென்றால் அவள் பதினாலு மணி வரை கூரைக்குக் கீழே நிற்க வேண்டும்.

"வேண்டாம், போயிரு" என்று எழுதி வைத்தேன். 13:41 திரை வாங்கியது. திரை கூடாரத்துக்குள்ளே இருக்கிறது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள்?

நாள் 221 · 14:02

14:00 படம் வந்தது. தலைக்கவசத்துக்குள் ரஹ்மத். ஏணியில் நிற்கிறாள். கையில் பெட்டி மூடி. அவளுடைய கோணல் எழுத்து.

"பாத்துட்டோம். அண்ணாச்சி வண்டிக்குப் போயாச்சி. நீ பதறாதடீ."

அவள் தோளுக்கு மேலே கூரை தெரிகிறது. அதைப் பற்றி எழுதவில்லை.

நாள் 221 · 14:10

14:04 திரை கேட்டது. மாற்றமில்லை.

14:05 கேட்கவில்லை.

14:06 கேட்கவில்லை.

நாள் 221 · 15:01

படம் வரவில்லை.

நாள் 221 · 16:30

புயல் தணிகிறது. மின்கலம் அறுபத்தைந்து சதவீதம், புயல் இல்லாத வழியில் முகாம் வரை தாங்கும். கிளம்புகிறேன்.

இதைப் படிப்பவருக்கு: படங்கள் தனி டிஸ்கில் இருக்கின்றன. செயலியை எத்தனை முறை மாற்றினாலும் அழியாது. கூரைப் படத்துக்கு இப்போது எந்த விதியும் இல்லை. யார் எப்போது கேட்டாலும் இருப்பதைக் கொடுக்கும்.

அவளுக்குக் கேமராவின் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நின்றிருக்கிறாள். 14:00க்குக் காற்றுடையோடு வெளியே நிற்கிறாள் என்றால், 12:00 அட்டையையே பார்த்திருக்கிறாள். நான் இன்னொரு அட்டை எழுதாமல் இருந்திருந்தால் அண்ணாச்சியோடு போயிருப்பாள். பதறாதே என்று எனக்குச் சொல்வதற்காக நின்றாள்.

16:34. 15:50க்கே தொடங்கி, காற்றுடை மாட்டி முடித்துவிட்டேன். என் திரையில் அவள் ஏணியில் நிற்கிறாள். கையுறை விரலால் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். மாற்றமில்லை.

16:35. மாற்றமில்லை.

16:36. ஒரே ஒரு தடவை. இதுதான் கடைசி, அப்புறம் கிளம்பிவிடு