மயில் கழுத்து அட்டை

ஆகஸ்ட் 4, 2008 திங்கள்

பத்து மணிக்குக் கரண்ட் போனது. பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடியது. அச்சு மிஷினைப் போட்டதும் இருமி இருமி அணைந்துவிட்டது. சீனிவாசகம் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனிக்குச் சங்குசக்கர லேபிள் பாதியில் நிற்கிறது. பதினெட்டாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விடும். அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் திருத்தங்கலில் ஒன்பது வருடமாக இந்த அச்சகத்தை நடத்துகிறேன்.

பாலகுரு பிளக்கைக் கழற்றித் துடைத்தான். "நீ போக்கா, எஞ்சினை நான் பாத்துக்கிறேன்" என்றான். தம்பி இருக்கும்போது எனக்கென்ன கவலை.

ஆகஸ்ட் 7

கவலைதான். இன்றும் நான்கு தடவை அணைந்தது.

பாலகுரு மை வாங்கச் சிவகாசி போயிருந்தான். நானே உட்கார்ந்தேன். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். இடைவெளி அளக்கக் கருவி இல்லை. முந்நூறு ஜி.எஸ்.எம். அட்டையில் ஒரு துண்டு நறுக்கி உள்ளே விட்டுப் பார்த்தேன். சரியாகப் பிடித்தது. அச்சகக்காரிக்கு அட்டையின் கனம் விரல் நுனியில் தெரியும்.

பிளக் நுனி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அப்படியிருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, காற்று அதிகம் என்று மெக்கானிக் பெத்தணன் அண்ணன் முன்பு சொல்லியிருக்கிறார். எங்கிருந்து வருகிறது காற்று?

ஆகஸ்ட் 11

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை; ஒரு ஷீட்கூட ஓடவில்லை.

ஆகஸ்ட் 13

காற்றைக் குறைக்கிற சோக்கைப் பாதி இழுத்துவைத்தால் ஓடுகிறது. ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மிஷினைப் போட்டால் அணைகிறது. கார்பரேட்டரைக் கழற்றலாமா என்று கேட்டதற்குப் பாலகுரு கத்திவிட்டான். "அதுல கைய வைக்காதக்கா! நுணுக்கமான சாமான். கெட்டுப்போச்சுன்னா நீதான் பொறுப்பு." அவனுக்கு இத்தனை கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பாவம், அவனுக்கும் அலைச்சல்.

ஆகஸ்ட் 17 ஞாயிறு

பாலகுரு நாரணாபுரத்தில் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். எஞ்சினை ஓடவிட்டு, கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றி விரலால் எண்ணெய் தடவினேன். பின்பக்கம் தடவியதும் ஓட்டம் சீரானது. கையை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறி இறங்கியது. அங்கேதான் காற்று புகுகிறது!

கழற்றினேன். இரண்டுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங், கடையில் வாங்கியது இல்லை. வழவழ லேபிள் அட்டையில் வெட்டியது. பின்பக்கம் ஓட்டையிலிருந்து விளிம்புவரை நேர்க்கோடாக ஒரு கீறல். அட்டையில் நீலமும் பச்சையுமாக மயில் கழுத்து. நாங்கள் மயில் படம் அச்சடித்ததே இல்லை.

புதிதாக வெட்டிவைத்தேன். மிஷினைப் போட்டேன். எஞ்சின் தடுமாறவில்லை. ஒரே சுருதி. பெட்ரோல்-காற்றுக் கலவை ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இன்னும் சீராக்கினேன். அழுகை வந்துவிட்டது.

பாலகுரு வந்து பேக்கிங்கைப் பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு சொன்னான்: "போன மாசம் சர்வீஸ் பண்ணும்போது பெத்தணன் அண்ணந்தான் கண்ட அட்டைய வெட்டி வச்சிருப்பாரு."

ஆகஸ்ட் 18

நாள் முழுக்க ஓடியும் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார். "ஏம்மா வேலுத்தாயி, சீசன் நமக்காகக் காத்திருக்குமா? மிச்சத்தை வேற இடத்துல குடுத்துட்டேன்." அடுத்த வருட ஆர்டரும் அங்கேதானாம்.

பெத்தணன் அண்ணன் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் கடையில வாங்குன பேக்கிங்தான் வச்சேன் தாயி." நான் நம்பவில்லை. தெருவே பார்த்தது.

செப்டம்பர் 15

பாலகுரு நாரணாபுரத்தில் புது அச்சகத்தில் பங்காளியாகச் சேர்கிறான். "இங்கன வேலை இல்லையேக்கா" என்றான். உண்மைதானே. காலில் விழுந்தான். திருநீறு பூசி, நல்லா இருலே என்றேன். மனசாரச் சொன்னேன். எழுதிவைக்கிறேன், மனசாரத்தான் சொன்னேன்.

அக்டோபர் 25 சனி

தம்பியிடமிருந்து தீபாவளிச் சீர் வந்தது. அரக்குச் சேலை, அல்வா, ஒரு பெட்டி பட்டாசு.

பட்டாசு சீனிவாசகம் அண்ணாச்சி கம்பெனியுடையது. பூச்சட்டி. லேபிளில் மயில்.

இந்த நோட்டுக்குள் வைத்திருந்த பேக்கிங்கை எடுத்து, மயிலின் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். நீலம் நீலத்தோடு, பச்சை பச்சையோடு. ஒரு நூல் பிசகவில்லை. பெட்டி அடியில் அவன் அச்சகத்தின் பெயர்.

ஆகஸ்டிலேயே மயில் அச்சாகிவிட்டதா? அப்போது இங்கே என் கையால் சோறு தின்றுகொண்டு இருந்தானே. ஆர்டர் வேண்டுமென்று கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருக்க மாட்டேனா? ஏலே, நான் உன்னைத் தூக்கி வளத்தவடா. எப்படிடா கீறுன? என்ன நெனச்சுக்கிட்டுடா அந்தப் பிளேடைப் பிடிச்ச?

சேலையை உடுத்த மாட்டேன். தூக்கி எறியவும் கை வரவில்லை.

அக்டோபர் 26

பெத்தணன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்று நின்ற அதே வாசலில், தெரு கேட்கும்படி, "தப்பு என்னோடது அண்ணே" என்றேன். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. "காப்பி சாப்பிடுறீகளா?" என்று மட்டும் கேட்டார். குடித்தேன்.

பாலகுருவிடம் எதுவும் சொல்லவில்லை. தீபாவளி அன்றைக்குக் கூப்பிட்டால், சீர் வந்தது என்று சொல்வேன்.

நவம்பர் 20

கல்யாணப் பத்திரிகை வேலை. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் காலையிலிருந்து ஓடுகிறது.

பன்னிரண்டு மணிக்குப் பாலகுரு போன். "அக்கா, எங்க எஞ்சின் மக்கர் பண்ணுது. லோடு போட்டா அணையுது. நாளைக்கு டெலிவரி. பெத்தணன் அண்ணன் வர மாட்டேங்காரு. நீ கொஞ்சம் கேட்டுப் பாரேன்." போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்தான்.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி. எனக்குத் தெரியாத சத்தமா?

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"பேக்கிங்ல காத்து வாங்குது. கழட்டிட்டுப் புதுசு வைலே" என்றேன். "மயில் அட்டையில மட்டும் வெட்டாத."

அவனுக்குப் பின்னால் எஞ்சின் இரண்டு முறை இருமி அணைந்தது. அவன் மூச்சுவிடுவது கேட்டது. போனை அவன் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

இன்னும் முந்நூறு பத்திரிகை பாக்கி இருந்தது. மூன்று மணிக்குள் நானும் எஞ்சினுமாக முடித்துவிட்டோம்.