முருகனும் எந்திரமும் நானும்

அன்புள்ள அம்மாவுக்கு, பத்தாங் காலி ஊரிலிருந்து ரூபினி. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் தொழிற்சாலையில் எந்த எந்திரம் எதன் பக்கத்தில் நின்றால் அலைச்சல் குறையும் என்று கணினியில் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் குழுக்களாகப் பிரித்தேன். காலி என்று நான் குறித்திருந்த மூலையிலும் ஓர் எந்திரத்தை வைக்கச் சொன்னது கணினி. வெள்ளிக்கிழமை காலை, என்னோடு வேலை செய்யும் சந்திரிகா அக்கா சாமிக்குக் காட்டச் சூடத்தோடு வந்து வரைபடத்தைப் பார்த்தார்.

"அது நம்ம முருகன் இருக்கிற இடம்லா! சாமிய எந்தக் குரூப்புல போட்ட?"

சிரித்துக்கொண்டே, முருகனுக்கு இடம் விட்டு மறுபடி கணக்குப் போட்டேன். எந்தக் குழுவிலும் சேராத பழைய எந்திரம் ஒன்று முருகன் பக்கத்தில் போய் நின்றது. மத்தியான மழையில் தகரக் கூரை பாடும்போது இரண்டு பேருமே கண்மூடிக் கேட்பதுபோல் இருக்கும்.

தனியாகவா சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அம்மா, அந்த மூலையில்தான் சாப்பிடுகிறேன்; அங்கே நாங்கள் மூன்று பேர்.

வேன் வந்துவிட்டது. மாங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். சின்ன பாட்டில் போதும்.

உங்கள் ரூபினி