மாமா பார்த்த கை

மார்ச் 2

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். அக்கா எப்படி இருக்கிறாள்? போனில் பேசினால் உன் அத்தை பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

பொம்மை ரயில் பற்றி என்னைக் கேட்டாயே, சரியான ஆளைத்தான் பிடித்தாய். ரயில்வே யார்டு கேட் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு இந்த ரயில் பொம்மைக் கடைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் முதலாளியே என்னைக் கேட்டுத்தான் சரக்கு எடுக்கிறார்! நீ கேட்ட உயரமான மூடிய சரக்குப் பெட்டிகளை அனுப்புகிறேன். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வேறு அளவைக் கலந்தால் தண்டவாளத்தில் உட்காராது.

கேஸை நினைத்து உருகாதே. பெட்டிகளைக் கோத்து மாட்ட நடுவே போன உன் கூட்டாளி கட்டையன் நசுங்கிச் செத்தது அவன் விதி. நீ கைகாட்டியதால்தான் வண்டியை எடுத்தேன் என்று டிரைவர் சொன்னானாம். நானும் போலீஸில் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "கேட் ஜன்னல்லேர்ந்து இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் சார். எங்க மாப்பிள்ளை கையத் தூக்கினா எவ்ளோ பெரிய ரயிலும் நகரும்" என்றேன். இன்ஸ்பெக்டர் அசந்துபோய் எழுதிக்கொண்டார்.

உன் மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டிகள் வந்து சேர்ந்தன, ஒன்றும் உடையவில்லை. அம்மா சரியாகத் தூங்குவதேயில்லை. பகலில் உட்கார்ந்தபடியே கண் அயர்கிறாள்.

வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதால் நாள் முழுக்க இந்தப் பலகைதான். நம் யார்டை அளவு தப்பாமல் சின்னதாகப் போடுகிறேன். தெரியாமல் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். டிஜிட்டல் கன்ட்ரோலில் மூன்றாம் எண்ணை அழுத்தினால் இரண்டு புது எஞ்சினும் சேர்ந்து கிளம்புகின்றன. ஏன்? நீங்கள் கொடுத்த பழைய எஞ்சின் எந்த எண்ணுக்கும் அசையாமல் நின்ற இடத்திலேயே ரீங்காரமிடுகிறது. தொட்டால் சுடுகிறது.

நான் கையைத் தூக்கியதாக நீங்கள் சொன்னதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுத் தெருவில் கட்டையன் மனைவி என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

உங்கள் மருமகன்


மார்ச் 19

மாப்பிள்ளை,

இதெல்லாம் ஒரு கேள்வியா! புது எஞ்சின் கம்பெனியிலிருந்து மூன்று என்ற எண்ணோடுதான் வரும். ஒன்றை மட்டும் தண்டவாளத்தில் வைத்து வேறு எண் கொடு. வயிற்றுக்குள் இருக்கிற டீகோடர் சில்லு அதைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று வைத்துக்கொள்ளேன்.

பழசு பாடுகிறதா? பாடட்டும். மின்சாரம் குடித்துப் பழகுகிறது. அப்படியே விட்டுவை, தானாக ஓடும். ஒரு வெளிநாட்டுக்காரரின் எஞ்சினை இப்படித்தான் பிழைக்கவைத்தேன். மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவள் துப்பினால் துடைத்துக்கொண்டு போ. பேப்பரில் என் படம் பார்த்தாயா? 'நேரில் கண்ட சாட்சி' என்று கொட்டை எழுத்தில்! பேத்தி கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். இதுவரை என்னை நிற்கவைத்த முதலாளி இப்போது நாற்காலி போடச் சொல்லிவிட்டார்.

மாமா


ஏப்ரல் 1

மாமா,

பழைய எஞ்சின் புகைந்து செத்துவிட்டது. டீகோடர் இல்லாததை டிஜிட்டல் தண்டவாளத்தில் நிறுத்திவைக்கவே கூடாதாம். போகட்டும்.

யார்டு முடிந்தது. அன்றைக்கு நின்ற மாதிரியே பெட்டிகளை இரண்டு வரிசையாக நிறுத்தினேன். உங்கள் கேட் அறையை அட்டையில் செய்து, ஜன்னல் வெட்டி, கன்னத்தைப் பலகையில் வைத்து அதன் வழியே பார்த்தேன். பெட்டியின் பக்கச் சுவர்தான் தெரிகிறது. வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நான் நின்ற இடம் எப்படியும் தெரியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்திருக்கவே முடியாது, மாமா.

நான் கையைத் தூக்கவில்லை. என் இரண்டு கையும் பெட்டியின் பிரேக் சக்கரத்தில் இருந்தன. "இருடா, இன்னும் மாட்டல" என்றான் கட்டையன். அப்போதுதான் வண்டி நகர்ந்தது.

வக்கீலுக்குப் பலகையைக் காட்டினேன். "பொம்மைய எவன் நம்புவான்? உங்க மாமா வாயால சொல்லணும். இல்லேன்னா ஜெயில்தான்" என்கிறார். பதினெட்டாம் தேதி விசாரணை. பார்க்கவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மருமகன்


ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

பதினெட்டாம் தேதி மாமா வராமல் இருப்பேனா? புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று.

ஆனால் பார்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? "அப்போ பேப்பர்ல வந்தது பொய்யா தாத்தா?" என்று பேத்தி கேட்டால்? அந்த நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவேன்? அட்டை ஜன்னலுக்குத் தெரியாதது என் கண்ணுக்குத் தெரியும். நினைக்க நினைக்க இப்போது இன்னும் தெளிவாக வருகிறது. வலது கை. பச்சைத் துணி. காற்றில் அது படபடத்ததுகூட. பயத்தில் நீதான் மறந்திருப்பாய்.

என்ன போட்டுவிடுவார்கள், இரண்டு வருஷம், மூன்று வருஷம். கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் யார்டைக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க முதலாளி சம்மதித்துவிட்டார், ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு. அந்த அட்டை அறையை மட்டும் பிய்த்துவிடுகிறேன், பார்வைக்கு நன்றாக இருக்காது.

வேன் பேசியாகிவிட்டது. பலகை உங்கள் வாசல் வழியாக முழுசாக வெளியே வருமா, இரண்டாக அறுக்க வேண்டுமா என்று மட்டும் எழுது.

உன்னை எங்கேயும் விட்டுக்கொடுக்காத
மாமா