போட்டுட்டேன்

பெப்ரவரி 26

இல்லை, சூது என்று சொல்ல முடியாது. காசு வைக்கவில்லை. லீவு வைத்தோம்.

மார்ச் 12 மாத்தளையில் தேர். சீகிரியாவின் இந்த ஹொட்டேலில் போக விரும்புகிறவர்கள் மூவர்: வரவேற்பு மேசையில் நான், சமையலறையில் ஜீவராஜ், லோண்ட்ரியில் சுந்தரம்மாக்கா. ஒருவருக்குத்தான் லீவு, யாரென்று நீங்களே முடிவெடுங்கள் என்றார் மெனேஜர்.

அக்காவுக்கு நேர்த்தி. மகளின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததற்குப் பால்குடம். எனக்கு? பேராதனைப் பல்கலைக்கழகத் தோழிகள் வருகிறார்கள். அவ்வளவுதான்.

"நேர்த்தின்னா எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றான் ஜீவராஜ். "சீட்டு வெளையாடித் தீப்போம். மிஸ் கம்பஸ்ல படிச்சது அதுதானே."

பெப்ரவரி 28

ஹொஸ்டலில் பழகிய போக்கரைச் சொல்லிக்கொடுத்தேன். வேகமானது. விருந்தினர் சட்டைகளில் இருந்து லோண்ட்ரியில் உதிர்ந்த பொத்தான்கள், ஆளுக்குப் பத்து. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் ஆளுக்கொன்று வைக்க வேண்டும். கைக்கு இரண்டு சீட்டு. பார்த்ததும் ஒரே கேள்வி: இருப்பதையெல்லாம் போடுகிறாயா, விடுகிறாயா? கூட்டுவது, குறைப்பது எதுவும் கிடையாது. விட்டால் நடுவில் வைத்த ஒன்று மட்டும் போகும். இருவர் போட்டால் மேசையில் ஐந்து சீட்டு திறக்கப்படும். அதோடு சேர்த்து யார் கை பெரிதோ அவருக்கே எல்லாம். கடைசியில் எல்லாப் பொத்தானும் யாரிடம் சேருகிறதோ அவருக்கு லீவு.

"இம்புட்டுத்தானா? இதுக்கு ஓமியே கஷ்டம், புள்ள" என்றார் அக்கா. அவருக்குத் தெரிந்த ஒரே சீட்டாட்டம் ஓமி.

ஏழும் இரண்டும் வந்தால் யோசிக்காமல் விடச் சொன்னேன். அதைவிட மோசமான கை இல்லை.

மார்ச் 3

ஜீவராஜ் நான்காவது சுற்றிலேயே போய்விட்டான். எனக்கும் அக்காவுக்கும் பதினைந்து பதினைந்து.

எனக்கு இரண்டு ராஜா. எல்லாவற்றையும் தள்ளினேன். அக்கா தன் சீட்டுகளைப் பார்த்தார். இஸ்திரி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"போட்டுட்டேன்."

ஓமியில் சீட்டைக் கீழே வைப்பதுதான் போடுவது. பொத்தான்களை அவர் தொடவில்லை. நான் பார்த்தேன்.

"போட்டுட்டீங்கன்னா எல்லாம் உள்ள வரணும்."

"அப்பிடியா?"

"அதுதான் ரூல்."

அவரே தள்ளி வைத்தார். அவர் சீட்டைத் திருப்பினோம். ஏழு. இரண்டு. நடுவில் திறந்த ஐந்தும் அவருக்கு உதவவில்லை.

"ஏழு ரெண்டுக்குத் தேரையே வச்சிட்டீங்களே அக்கா" என்று சிரித்தான் ஜீவராஜ்.

மார்ச் 4

ரோஸ்டரில் 12ஆம் திகதி லீவுக்கு நேரே என் பெயர்.

மார்ச் 6

சமையலறையில் அவருக்குப் பெயரே ஏழு-ரெண்டு. "ஏழு-ரெண்டு, டீ ஆறுது." அவரும் சிரிக்கிறார்.

மார்ச் 7

அக்கா வரவேற்பு மேசைக்கு வந்தார். துண்டுக் கடதாசி, மகளின் பெயர், நட்சத்திரம்.

"நீ போறதானே. இந்தப் பேருக்கு ஒரு அர்ச்சனை வச்சிரு."

போகத் திரும்பியவர் நின்றார். "நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. எனக்குத்தான் மண்டையில ஏறல."

மார்ச் 8

ஏறியிருந்தது. அவங்க விட்டாங்க. சீட்டத்தான் போட்டாங்க. எனக்குத் தெரியும் — அப்பவே தெரியும் — ஏன் பண்ணுன?

தோழிகளுக்காகவா? அதுகூட இல்லை. இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு அக்காவின் ஒரே ஒரு பொத்தானை மட்டும் எடுக்கவா என்று தோன்றியது. அவ்வளவு சின்ன விஷயம். அதுதான் சகிக்கவில்லை.

அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பட்டப் பெயர் தனியாக இல்லையே.

மார்ச் 9

டீ நேரத்தில், சமையலறையில், எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். அக்கா விட்டதை நான் போட்டதாக ஆக்கினேன் என்று. தயாரித்துப் போன வாக்கியங்கள் வரவில்லை.

"படிச்ச புள்ளைங்க ரூலும் படிச்சு வச்சிருப்பாங்க" என்றான் ஜீவராஜ். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவனிடம்தான் சொன்னார்: "அப்ப எனக்கு வெளங்கித்தான் இருந்திருக்கு."

பிறகு என்னிடம் கை நீட்டினார். அந்தத் துண்டுக் கடதாசி. கொடுத்தேன்.

லீவை அக்காவுக்கு மாற்றச் சொன்னேன். ரோஸ்டர் முடிந்துவிட்டது, அன்றைக்கு லோண்ட்ரிக்கு யார் என்று கேட்டார் மெனேஜர். நான் என்றேன்.

மார்ச் 11

தோழிகளுக்கு வரவில்லை என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். வேலை என்றேன். இன்னும் ஒரு பொய்.

மார்ச் 12

அக்கா முதல் பஸ்ஸில் போய்விட்டார். புதுச் சேலை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் இல்லை.

நான் லோண்ட்ரியைத் திறந்து, முதல் மெஷினில் விரிப்புகளை நிரப்பினேன்.